ஆயுள் ஐந்து

விளக்கைத் தொடாதீர்கள்... அப்படியே நெருங்கி உட்காருங்கள். இது என் சிநேகிதனின் அத்தானுக்கு நடந்தது. பேய்க்கு நடுச்சாமம்தான் தோது என்று யார் சொன்னது? அன்று மத்தியானம் இரண்டரை மணி. ஈ காக்கை இல்லாத சாலை.

அத்தானுக்கு இணையத்தை அளந்து வரைபடம் போடும் வேலை. ஒரு துளித் தகவலுக்கு ஆயுள் ஒன்று என்று எண் கொடுத்து அனுப்புவார். அது வழியிலுள்ள முதல் நிறுத்தத்திலேயே, அதாவது முதல் இணைப்பு நிலையத்திலேயே, செத்துப்போகும். "இங்கே செத்தது" என்று அந்த நிறுத்தம் பதில் போடும். அடுத்ததற்கு ஆயுள் இரண்டு. அது இரண்டாவது நிறுத்தத்தில் சாகும். சாவுச் செய்தி சேர்த்தே வழி கண்டுபிடிக்கிற பிழைப்பு!

ஒரு வருடமாகப் பூட்டிக் கிடந்த வீட்டிலிருந்து, இந்த வேலைக்காக அங்கே வைத்திருந்த அளவுப் பெட்டியை எடுத்துவரப் போனார். மின்சாரம் எப்போதோ துண்டித்தாயிற்று. பெட்டியின் ஒயர் தரையில் சுருண்டு கிடந்தது. ஆனாலும் பச்சை விளக்கு... டிக்... டிக். முடி பொசுங்கிய வாடை. மனிதர் ஓடியிருக்கலாம். தொழில் புத்தி விடவில்லை. லேப்டாப்பைச் செருகிப் பார்த்தார்.

பெட்டி தானாகவே அளந்துகொண்டிருந்தது. இலக்கு, அவருடைய வீட்டு முகவரி. வழியில் நான்கு நிறுத்தங்கள், ஐந்தாவது வீடு. அங்கே எட்டு வயது மகள் தனியாக இருந்தாள்.

ஆயுள் ஒன்று. டிக். முதல் நிறுத்தத்தின் காவலாளி செத்துவிட்டதாக ஆபீஸிலிருந்து போன். ஆயுள் இரண்டு. அடுத்த நிறுத்தத்தின் ஆபரேட்டர். "நின்னுட்டே இருந்தான் சார்... அப்படியே சாஞ்சுட்டான்." மூன்று... நான்கு...

பெட்டியைச் சுவரில் மோதினார். விளக்கு அணையவில்லை. மாற்ற முடிந்தது ஒன்றே ஒன்றுதான்... இலக்கு. மனப்பாடமாக இருந்த வேறு முகவரி, அவரைத் தோளில் தூக்கி வளர்த்த அண்ணனின் வீடு. அதுவும் அதே வழியில் ஐந்தாவதுதான். யோசிக்கக்கூட இல்லை. அடித்தார்.

டிக்.

போனில் அண்ணி அலறினாள். "தம்பி... உங்க அண்ணன் போயிட்டாருப்பா!"

அத்தான் அழுதார். அந்த அழுகைக்கு நடுவே, சொல்லவே அசிங்கமாக இருக்கிறது, நிம்மதியாக மூச்சும் விட்டார்.

பிறகுதான் திரையைப் பார்த்தார். அளக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம்: இலக்கை அடித்த கையோடு, "இங்கே செத்தது" என்ற பதில் வந்து சேரவேண்டிய முகவரியையும் அடித்துவிடுவார்கள். வழக்கம்போல அவர் விரல்கள் சொந்த வீட்டு முகவரியை அடித்திருந்தன.

போன் அடித்தது. மகள்.

"அப்பா... பெரியப்பா வந்திருக்காரு. கூப்பிட்டா பேசவே மாட்டேங்கிறாரு... கதவைத் திறந்துட்டேன்."