மணி அடிச்சதும் திறக்கணும்

— விளையாட்டுக்கும் மணி வெச்சியாடா? நல்லா இருக்குடா உன் நியாயம்!

— டாக்டர் சொன்னாருக்கா. பிள்ளை நகத்தைக் கடிச்சுத் துப்புறா, தூக்கத்துல வாய்ப்பாடு ஒப்பிக்கிறா. தினம் விளையாட விடுங்கன்னாரு. அதான் அஞ்சு மணிக்கு அரை மணி நேரம்னு அட்டவணையில சேர்த்துட்டேன்.

— விளையாட்டையும் வீட்டுப்பாடம் ஆக்கிட்டே. தெருப் பிள்ளைங்க போடுற கூச்சல் இங்க வரைக்கும் கேக்குது, உன் மக எங்கே?

— உள்ளே. மணி அடிச்சுத் திறந்து விட்டாலும் வெளியே வராம கதவைச் சாத்திக்கிறா. அங்கேயேதான் விளையாடுறா.

— எங்கே, அந்த ரூம்லயா? டேய், நம்ம தங்கச்சி சின்னவ படிச்ச ரூம்லயா பிள்ளைய உக்கார வெச்சே?

— இருக்கிறதே ரெண்டு ரூம், நான் என்ன பண்ண?

— தாழ்ப்பாளும் வெளியே! மேல இருக்கிறது சாவி கொடுத்தா அடிக்கிற அதே பழைய மணிக் கடிகாரமா? உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையாடா?

— கவனம் சிதறக் கூடாதுல்ல.

— அப்பாவும் இதையேதான் சொன்னாரு.

— பழசைக் கிளறாதேக்கா.

— கிளறுவேன். சின்னவளுக்கு இழுப்பு வந்தப்போ கதவு சாத்தியிருந்துச்சு. மணிக்குச் சாவி கொடுத்து, அடிச்சதும் திறன்னு அப்பா உன்கிட்ட சொல்லிட்டுப் போயிருந்தாரு. பன்னெண்டு வயசுப் பய, நீ என்ன செய்வே? மணி அடிச்ச உடனே ஓடிப்போய்த் திறந்தேன்னு சொன்னே. அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. என்னைக்காவது உன்னைக் குத்தம் சொல்லியிருக்கேனா?

— இல்லக்கா.

— அப்போ இதைத் திற. இரு, இரு... யார்கிட்டயோ பேசுறாளே?

— தினமும் இப்படித்தான். சிரிக்கிறா, கெஞ்சுறா. அதான் உன்னை வரச் சொன்னேன்.

— நகரு... அடி என் தங்கமே! அத்தை வந்திருக்கேன், பாரு. வா, தெருவுல போய் இருட்டுற வரைக்கும் ஆட்டம் போடு. ஒருத்தரும் மணி அடிக்க மாட்டாங்க.

— நிஜமாவா அத்தை? இந்த அக்காவையும் கூட்டிட்டு வரட்டா?

— எந்த அக்காடி?

— ஒத்தை ஜடை அக்கா. இன்னொரு ஜடை பின்னுறதுக்குள்ள அவங்க பெரியக்காவுக்கு பஸ் வந்துருச்சாம். சாயங்காலம் வந்து பின்னுறேன்னு ஓடிட்டாங்களாம்.

— ஐயோ... தம்பி, அது நான்டா. நீ சொன்னியா இவகிட்ட?

— எனக்கே தெரியாதுக்கா. சத்தியமா தெரியாது.

— கண்ணு... அந்த அக்காவையும் வரச் சொல்லும்மா. கதவு திறந்துதான் இருக்கு.

— வர மாட்டாங்களாம் அத்தை. மணி அடிச்சாத்தான் வரணும்னு அவங்க அண்ணன் சொல்லிட்டுப் போனாராம். அப்பா, உங்க ஆட்டம் பாதியில நிக்கக் கூடாதுன்னு அன்னைக்கு நீங்க மணிக்குச் சாவியே கொடுக்கலையாமே?