செவ்வாய்க்கிழமை பிளக்

— மறுபடியும் அதே புகாரா சார்? சார்ஜ் நிக்கலையா?

— நிக்கலையேம்மா. காலையில வந்து பார்த்தா சிவப்பு விளக்கு எரியுது.

— போன புதன்கிழமையும் இதான் சொன்னீங்க.

— போன புதன்கிழமையும் இதானே ஆச்சு. உட்காரு மொதல்ல. சாப்பிட்டியா?

— கம்பெனியிலேருந்து மெஷினைப் பார்க்க வந்திருக்கேன் சார்.

— மெஷின் எங்கயும் ஓடிடாது. அதுக்குத்தான் சார்ஜே இல்லையே.

— சிரிக்க வைக்காதீங்க, கையில ஸ்க்ரூ டிரைவர் இருக்கு. இந்த மூடியைப் பிடிங்க.

— பிடிச்சாச்சு. இளைச்சுட்ட நீ.

— மூடியை நேராப் பிடிங்க சார்.

— சார், சார்னு... சரி விடு. முப்பது வருஷமா எக்ஸ்ரே எடுக்கிறேன். மனுஷனுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியும், வார்டு வார்டாத் தள்ளிட்டுப் போற இந்த எக்ஸ்ரே வண்டிக்குள்ள என்ன இருக்குன்னு இன்னும் தெரியல.

— வரிசையா பேட்டரி இருக்கு பாருங்க. வார்டுல படம் எடுக்கிறப்போ, கண் சிமிட்டுற நேரத்துல அவ்வளவு கரண்டையும் இதுதான் அள்ளிக் கொடுக்கணும். செவுத்துல இருக்கிற பிளக்கால அது முடியாது.

— அப்ப பிளக் எதுக்கு?

— பிளக்குல வர்றதை இந்த சார்ஜர் போர்டு வாங்கி, பேட்டரிக்கு ஏத்த மாதிரி மாத்தி ஊட்டும். காலியா இருந்தா மொதல்ல வேகமா ஏத்தும், நிரம்ப நிரம்பக் குறைச்சுக்கும். குடம் நிரம்பப் போகுதுன்னா குழாயைத் திருகிக் குறைப்போமே, அப்படி.

— நிரம்பினதும் நிறுத்திடுமா?

— சுத்தமா நிறுத்தாது. சும்மா கிடந்தாலும் பேட்டரி கொஞ்சம் கொஞ்சமா இறங்கும். அதனால சொட்டுச் சொட்டா கொடுத்துட்டே இருக்கும்.

— வாரத்துக்கு ஒரு தடவை...

— என்னது?

— ஒண்ணுமில்ல. நீ சொல்லு.

— சூடாகுதான்னும் பார்த்துக்கும். ரொம்ப சூடானா தானே நிறுத்திடும்.

— என் பையனை விட விவரமா இருக்கே.

— அந்த வயரைக் கொஞ்சம் தள்ளிப் பிடிங்க சார்.

— சரி, அவன் பேச்சை எடுக்கல.

— எடுத்தா ஒண்ணும் ஆகிடாது. கோர்ட்ல கையெழுத்துப் போட்டு எட்டு மாசம் ஆச்சு.

— ஒம்பது.

— ...ஆமா, ஒம்பது.

— அவன் போட்டான், நீ போட்ட. என்கிட்ட யாரும் நீட்டல. நீட்டியிருந்தா நான் போட்டிருக்க மாட்டேன்.

— பேட்டரியில தப்பே இல்ல சார். காலியா இருக்கு, அவ்வளவுதான். ஏத்தினா ஏறுது.

— இன்னொரு தடவை நல்லாப் பாரேன்.

— பார்த்தாச்சு. ஆனா இன்னைக்கு இந்தப் பழைய போர்டைக் கழட்டிட்டுப் புதுசு மாட்டணும். எல்லா ஆஸ்பத்திரியிலயும் மாத்துறோம்.

— புதுசுல என்ன விசேஷம்?

— நிலவரத்தை அதுவே எங்க ஆபீஸுக்கு அனுப்பிடும். எப்ப பிளக் போட்டாங்க, எப்ப எடுத்தாங்க, எல்லாம். நிஜமா கோளாறுன்னாதான் ஆள் வரும்.

— கோளாறு இல்லேன்னா?

— யாரும் வர மாட்டாங்க.

— ...பழசே நல்லாத்தானே இருக்கு.

— இப்பதான் சார்ஜ் நிக்கலைன்னீங்க.

— வயசானா அப்படித்தான். அதுக்காகக் கழட்டி எறிஞ்சுடறதா?

— இந்தப் பழசுக்கும் ஞாபகம் உண்டு சார், தெரியுமா?

— என்ன ஞாபகம்?

— கரண்ட் எப்ப நின்னுச்சுன்னு குறிச்சு வெச்சுக்கும். படிக்கட்டுமா? நேத்து செவ்வாய், சாயந்தரம் அஞ்சு மணி. போன செவ்வாய், அஞ்சு மணி. அதுக்கும் முந்தின செவ்வாய்...

— கூட்டிப் பெருக்கறவங்க தட்டி விட்டிருப்பாங்க.

— வாராவாரம், உங்க ஷிப்ட் முடியற நேரம் பார்த்து?

— அவசரத்துக்கு மாடியில இன்னொண்ணு இருக்கும்மா. அதுக்கு முழுசா சார்ஜ் ஏத்தி வெச்சுட்டுத்தான் இதைப் பிடுங்குவேன். பேட்டரி இறங்கட்டும்னு மெஷின் சுவிட்சை மட்டும் அணைக்காம விட்டுட்டுப் போவேன். ஒரு நோயாளியையும் காக்க வெச்சதில்ல, சத்தியமா.

— அதுவும் தெரியும். மாடி மெஷினையும் பார்த்துட்டுத்தான் வர்றேன்.

— எப்பலேருந்து தெரியும்?

— ரெண்டாவது வாரத்துலேருந்து.

— அப்புறமும் "கனெக்டர் சுத்தம் செய்யப்பட்டது"ன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போன?

— சுத்தம் பண்ணினேனே. வாராவாரம் பண்ணினேன். இந்த ஊர்லயே பளபளன்னு இருக்கிற கனெக்டர் இதுதான். நீங்க ஏன் பிடுங்கினீங்க?

— வேற எப்படிக் கூப்பிடறது சொல்லு? போன் பண்ணா எந்த முறையில பண்றது? இனிமே அவ யாரோ நாம யாரோன்னு பையன் சொல்லிட்டான். உன் வீட்டு வாசல்ல வந்து நின்னா, உங்க அம்மா முகத்துல எப்படி முழிப்பேன்? மெஷின் கெட்டாதான் நீ வந்தாகணும். உன்னைப் பார்க்காம இருக்க முடியலம்மா, அவ்வளவுதான். போர்டை மாட்டிட்டுக் கிளம்பு. கையெழுத்து எங்க போடணும்?

— இங்க. இந்தாங்க பேனா, மாமா.

— என்ன சொன்ன?

— பேனான்னேன்.

— அதுக்கப்புறம்.

— மாமான்னேன். கையெழுத்துப் போட்டது அவருக்கும் எனக்கும்தானே, உங்களுக்கும் எனக்குமா? வர்ற செவ்வாய் பிளக்கைத் தொடாம, புதன்கிழமை நேரா வீட்டுக்கு வாங்க. "அவர் எப்படி இருக்கார்"னு அம்மாவே வாராவாரம் கேட்கிறாங்க.

— ...கண்ணுல தூசி. இந்த ஏரியாவை உனக்குக் கொடுத்தவங்க நல்லா இருக்கணும்மா.

— யாரும் கொடுக்கல மாமா. என் ஏரியா ஊருக்கு அந்தப் பக்கம். முதல் புகார்ல உங்க பேரைப் பார்த்துட்டு, நான்தான் இந்த ஆஸ்பத்திரியைக் கேட்டு வாங்கினேன்.