நினிவேக்காரன்

— மூணு நாளா இந்த மனுசன் பச்சத் தண்ணி மட்டும் குடிச்சிட்டு ஈக்கிறான், டீச்சர். ஸ்பேனரத் தூக்கவும் சீவனில்ல. பொரளை டொக்டர்ட ஒஸ்டின் கார் அஞ்சு மணிக்கு வேணுமாம். நீங்களாச்சும் செல்லுங்களேன், ஒரு பணிஸ் தின்னச் செல்லி.

— நான் சொல்லிக் கேக்கிற ஆளோ இவர்? நான் கொட்டாஞ்சேனையில இருந்து வெள்ளவத்தைக்கு பஸ் ஏறி வந்தது பணிஸ் தீத்திறதுக்கில்ல, நிலாம் நானா. இவரை அந்தக் காருக்குக் கீழ இருந்து வெளிய வரச் சொல்லுங்கோ.

— எனக்கு இங்கயே கேக்குது, பிறிஜெற். சொல்லு.

— முகத்தைப் பாத்துக் கதைக்கோணும்.

— சரி. வந்திட்டன். இதோ முகம். கிரீஸ் மட்டும்தான்.

— பகிடி வேண்டாம், யோனான். இந்த ஞாயிறு பூசையில ஃபாதர் கலியாண ஓலையில எங்கட பேரை முதல்தரம் வாசிக்கோணும். அப்பதான் மூண்டு ஞாயிறும் வாசிச்சு முடிச்சு, தவசு காலம் துவங்க முந்தி கலியாணத்தை வைக்கலாம். விட்டால் பாஸ்காவுக்குப் பிறகுதான். அவர் உங்களிட்டக் கேக்கிறது ஒரேயொரு சொல்லு. கல்தேயன் எண்டு சொல்லுங்கோ. கல்தேயச் சனம் பாப்பரசரோட சேந்தது. ஃபாதர் அதுக்கு மேல துருவமாட்டார்.

— போன கிழமையும் சொன்னன். நான் கல்தேயன் இல்ல. அசீரியன். எங்க சபை வேற.

— அப்ப அந்தச் சபையை விட்டிட்டன் எண்டு பீடத்துக்கு முன்னால சத்தியம் பண்ணுங்கோ.

— அதுவும் மாட்டன்.

— பாத்தியளோ நானா? இதுவும் மாட்டார், அதுவும் மாட்டார்.

— டீச்சர், நீங்க முதல்ல ஒரு இடத்தில இரிங்க. காருக்கு அந்தப் பக்கம் போறீங்க, இந்தப் பக்கம் வாறீங்க. எனக்குத் தலை சுத்துது. அந்த டயர் மேல இரிங்க. ஆ, இப்ப கேளுங்க. எனக்கும் இது வெளங்குதில்ல, யோனா. அசீரியன் எண்டு ஒரு ஜாதி இப்ப எங்க ஈக்குது?

— அதைத்தான் நானும் கேக்கிறன்! நான் பிள்ளையளுக்கு வேத சரித்திரம் படிப்பிக்கிறவள், நானா. நினிவே விழுந்து இரண்டாயிரத்தைஞ்ஞூறு வருசம். நாகூம் தீர்க்கதரிசி சொன்னபடி பாழாப் போச்சு. அந்த ராசாக்களும் இல்ல, அந்தச் சனமும் இல்ல. பிறகு எப்படி வெள்ளவத்தைக் கராஜுக்குள்ள ஒரு அசீரியன் கிடப்பான்?

— நாகூம்ட கல்லறை எங்க பக்கம்தான், பிறிஜெற். எங்க அம்மா அங்க போய் மெழுகுதிரி ஏத்துவா. அவர் எங்களைத் திட்டினவர் எண்டு அவவுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் ஏத்தினா.

— பொறுங்க, பொறுங்க. நினிவே எண்டா யூனுஸ் நபிய அல்லாஹ் அனுப்பின ஊர்தானே? மீன் முழுங்கிக் கக்கினதுக்குப் பொறகு போனாரே?

— ஓம் நானா. அந்த ஊர். அவர் போய், நாப்பது நாள்ல அழிஞ்சு போவீங்க எண்டார். ராசா எழும்பிப் போய் சாம்பல்ல இருந்தான். சனம் சாப்பிடல. மாட்டுக்கும் தண்ணி குடுக்கல. ஊர் தப்பிச்சுது. அதுக்குத்தான் இந்த மூணு நாள். வருசா வருசம் எங்க சனம் எங்க ஈந்தாலும் பட்டினி கிடக்கும். வேற யாருக்கோ நடந்த கதைக்கு யாரும் இப்பிடிப் பட்டினி கிடப்பாங்களா?

— கிடப்பினம்! முன்னுக்குத் தேத்தண்ணிக் கடை வச்சிருக்கிற வர்க்கியைக் கேளுங்கோ. அவரும் இந்த மூண்டு நாளும் நோன்பு. திருச்சூரில பிறந்த மலையாளி. அவரும் நினிவே ராசாவிட பேரனோ?

— ஹா! இதுக்கு என்ன செல்றாய், யோனா? டீச்சர் புடிச்சிட்டா.

— வர்க்கி என் சபை. நல்லவன். நான் பஸ்ராவில இருந்து பம்பாய் வந்து, திருச்சூர்ல எங்க பிஷப்பிட்ட நிண்டு, வேலை இல்லாம ஈக்க, கொழும்புக்குக் கூட்டி வந்ததே அவன்ட அண்ணன்தான். ஆனா கேளு, பிறிஜெற். நோன்பு முடிஞ்சா வர்க்கி ஊருக்குக் காகிதம் போடுவான். அவன்ட அம்மா பதில் போடுவா, பலாப்பழம் பழுத்தது, பசு கண்டு போட்டது எண்டு. நான் எந்த ஊருக்குப் போட?

— ஊரில்லாமப் போனது பாவம்தான். அதுக்காக ஊரில்லாதவன் எல்லாம் அசீரியனோ?

— டீச்சர் செல்றதிலயும் ஞாயம் ஈக்குது. பார்பர் சலூன்ல ஒருத்தர் பேப்பர் வாசிச்சுச் சென்னார், அந்தப் பேர இவங்களுக்கு வெச்சதே இங்கிலீஷ் பாதிரிமார்தானாம். இந்தச் சனம் துருக்கி மலையில ஆடு மேச்சதாம். துரைமார் மண்ணத் தோண்டினாங்களாம், செறகு மொளச்ச கல்மாடு வந்துச்சாம், ஒடனே இவங்களப் பாத்து நீங்கதான் அந்த ராசாட சனம் எண்டாங்களாம்.

— நானா, உங்க ஆக்களுக்கு மூர் எண்டு பேர் வெச்சது யாரு?

— அது போத்துக்கீசன்.

— போத்துக்கீசன் வாறதுக்கு முதல் நீங்க இங்க இல்லயா?

— அல்லாஹ்வே! நாங்க இல்லயா? எங்கட மூத்த வாப்பாமார் அறபு தேசத்தில இருந்து கப்பல்ல வந்தவங்க! ஆயிரம் வருசம்!

— ஆர் கண்டது, நானா? வீட்டில நீங்கள் கதைக்கிறது தமிழ்தானே.

— தமிழ் கதைச்சா என்ன டீச்சர்? கதைக்கிற பாஷ வேற, வந்த வழி வேற. அத நீங்க எனக்குச் செல்லித் தர வேணாம்.

— கோவிக்காதீங்க. நான் உங்ககிட்ட அந்தக் கப்பல்ட டிக்கட்டைக் கேட்டனா, நானா? கேக்கல. நீங்க சொன்னீங்க, நான் நம்பினன். அவ்வளவுதான். பாதிரி எங்களுக்குப் பேர் வெச்சான், உண்மைதான். வீட்டில நாங்க எங்களை சுறாயே எண்டுதான் சொல்லுவம். ஆனா பாதிரி வர முதலே எங்க அம்மாட அம்மா நினிவேக்குப் பட்டினி கிடந்தா. கல்மாட்டை அவ ஒருநாளும் கண்டதில்ல.

— அய்யோ, இவர் என்னத்தைச் சொன்னாலும் ஒரு பதில் வச்சிருப்பார்.

— உனக்கும் ஒண்டு ஈக்கு. நீ பிறிஜெற் பெர்னாண்டோ. லிஸ்பன்ல மாமா யாரும் ஈக்கிறாரா?

— அது ஞானஸ்நானத்தோட வந்த பேர்! நாங்கள் பரதர். தூத்துக்குடிப் பக்கத்தில இருந்து வந்த சனம். அது கொட்டாஞ்சேனையில எல்லாருக்கும் தெரியும்.

— அதுதான். எல்லாருக்கும் தெரியும். உன்னை யாரும் மறிச்சுக் கேட்டதில்ல. கேக்காத இடத்தில இருக்கிறவளுக்கு இது லேசு.

— எனக்கு லேசோ? எனக்கோ? என்ன கதை இது, யோனான்? எனக்கு ராத்திரி முழுக்க நித்திரை இல்ல, நீங்கள் லேசு எண்டு சொல்றியள்!

— டீச்சர், டீச்சர். இரிங்க. ஏய் யோனா, பொம்புளைப் புள்ளய அழ வெக்காத. வர்க்கிட்டச் செல்லி ஒரு தேத்தண்ணி எடுப்பிக்கட்டா?

— எனக்கு ஒண்டும் வேண்டாம், நானா. ஒண்டு மட்டும் கேக்கிறன். கல்தேயன் எண்டுறது என்ன கெட்ட சொல்லோ? அவையள் உங்கட எதிரியளோ?

— இல்ல. அவங்க எங்க ரத்தம். ஒரே பாஷ. ஆயிரத்தித் தொள்ளாயிரத்தி முப்பத்திமூணுல எங்க ஆக்கள் உசிரைப் புடிச்சிட்டு ஓடி வாறப்ப, அல்கோஷ் எண்ட ஊர் உள்ள எடுத்தது. அது கல்தேய ஊர். அவங்க காலைத் தொட்டுக் கும்பிடலாம்.

— அப்ப அந்தப் பேரைச் சொல்ல உங்களுக்கு என்ன வலிக்குது?

— நீ இருந்து கேப்பாயா?

— இருக்கிறன். சொல்லுங்கோ.

— நான் அப்ப பக்தாத்ல, வெள்ளைக்காரன்ட பிளேன் வேர்க்‌ஷொப்ல வேலை. என் தம்பி ஷிமுன் வடக்கில, சிமேலே எண்ட ஊர்ல. இருபது வயசு. ஊர்ல இருந்த துவக்கு எல்லாத்தையும் முதல்ல வாங்கிட்டாங்க. பயப்படாதீங்க, அரசாங்கம் பாக்கும் எண்டாங்க. பிறகு ஈராக் ஆமி வந்தது. ஆம்பிளை எண்டு இருந்த ஆளை எல்லாம் சுட்டது. ஷிமுன் என்ன பிழை செஞ்சான்? அசீரியன். அந்தப் பிழை. நீ சொல்றாய், அந்தச் சனம் இரண்டாயிரத்தைஞ்ஞூறு வருசத்துக்கு முதல் செத்துப் போச்செண்டு. செத்த சனத்தைச் சுட எதுக்கு, பிறிஜெற், தோட்டா?

— யா அல்லாஹ். இத நீ எனக்கு ஒருநாளும் செல்லல்லயே, யோனா. நாலு வருசம் இந்தக் கராஜுல ஈக்கிறாய்.

— நீங்க கேக்கல, நானா. நீங்க கார் திருத்தத் தெரியுமா எண்டு மட்டும்தான் கேட்டீங்க. அதுக்குத்தான் உங்ககிட்ட எனக்கு விருப்பம்.

— யோனான்.

— என்ன?

— நான் இரக்கப்படுறன். உண்மையா இரக்கப்படுறன். ஆனால் இரக்கத்தில அடுப்பெரியாது. ஃபாதர் மாட்டன் எண்டால் எங்களுக்குப் பதிவுக் கந்தோர்க் கலியாணம்தான். கந்தோரில கட்டினவளை கொன்வென்ட் சிஸ்டர்மார் வேதம் படிப்பிக்க விடுவினமோ? மதர் எனக்குப் போன மாசமே ஒரு சாடை காட்டிப்போட்டா. அம்மா எழும்பி நடக்கமாட்டா. தங்கச்சிமார் இரண்டு பேரும் இன்னும் பள்ளிக்கூடம் போற பிள்ளையள். அந்த வீட்டில சம்பளம் எண்டு ஒண்டு வாறது எனக்குத்தான். இதெல்லாம் தெரிஞ்சும் அந்தப் பேரைத்தான் பிடிச்சுக்கொண்டு நிப்பியளோ? அவ்வளவு பெறுமதியோ அது? எனக்கு விளங்கப்படுத்துங்கோ. ஷிமுனுக்காக மட்டுமெண்டால் சொல்லுங்கோ, நான் அவருக்குப் பூசை ஒப்புக்குடுக்கிறன். நாளைக்கு எங்களுக்கு ஒரு பிள்ளை பிறந்தால் அது ஆர்? அதுக்கு நான் என்ன சொல்லுறது?

— அது உன் பாஷ கதைக்கும். உன் கோயிலுக்குப் போகும். வருசத்தில மூணு நாள் அதுக்குப் பசிக்கும். ஏன் எண்டு கேட்டா, நான் சொல்லுவன்.

— அவ்வளவும்தானோ?

— அவ்வளவுதான் எங்ககிட்ட மிச்சம்.

— நல்லாத்தான் பேசுறான். தமிழ் படிச்சுக் குடுத்தது நான் எண்டு பெருமையா ஈக்குது. ஆனா தம்பி, நான் உனக்கு மூத்தவன், ஒண்டு செல்றன். டீச்சர்ட ஊட்டில நாலு பேர் திங்கணும். பேர் மனசுக்குள்ள ஈக்கட்டுமே. யாரு அத அங்க வந்து அழிக்கப் போற? வாயால ஒரு சொல்லு. படச்சவனுக்கு உள்ளது தெரியும்.

— நானா...

— செல்லு.

— ரெஞ்சைப் பிடிங்க. கொஞ்சம் இருக்கணும். தலை சுத்துது.

— பசி மயக்கம்தான் இது! டீச்சர், அந்தத் தண்ணிச் செம்பை எடுங்க.

— இந்தாங்கோ. மெல்லமாக் குடியுங்கோ. கழுத்தெல்லாம் வேர்க்குது. நான் சத்தம் போட்டது கூடிப்போச்சு.

— இல்ல. நீ சொன்னது சரி. ஷிமுன் ஒரு பேருக்காகச் செத்தான். அவனை யாரும் கேட்டிட்டுச் சுடல. என்னைக் கேக்கிறாங்க. எனக்கு ஒரு வழி ஈக்கு, அவனுக்கு இருக்கல்ல. ஒரு பேருக்காக நாலு பொம்பளைங்களை நான் பட்டினி போடமாட்டன். என் பட்டினி எனக்குப் போதும். சரி. கல்தேயன். உங்க ஃபாதரிட்டச் சொல்லு, பிறிஜெற், யோனான் கல்தேயன் எண்டு. ஞாயிறு வாசிக்கட்டும்.

— என்ன?

— நீ கேட்டது. குடுத்திட்டன்.

— அல்ஹம்துலில்லாஹ்! முடிஞ்சுது கரைச்சல். டீச்சர், சிரிங்க! ஏன் இப்பிடி முழிக்கிறீங்க?

— இவ்வளவும்தானோ, யோனான்? மூண்டு நாள் சோறில்லாமக் கிடந்தது, தம்பியிட கதை, அம்மாவிட மெழுகுதிரி... ஒரு தேத்தண்ணி ஆறுற நேரத்துக்குள்ள எல்லாத்தையும் விட்டிட்டியளோ?

— உனக்காகத்தானே விட்டன்!

— எனக்காக விடச் சொல்லி ஆர் கேட்டது?

— இதென்ன கூத்து! நீங்கதானே டீச்சர், வந்த நேரத்தில இருந்து அதத்தானே கேட்டுட்டு ஈக்கிறீங்க! என்ட ரெண்டு காதாலயும் கேட்டனே!

— ஓம், நான்தான் கேட்டனான்! கேட்டால்? ஒருத்தி கேட்டால் உடன விட்டிருவியளோ? நான் கேக்கக் கேக்க நீங்கள் இல்ல இல்ல எண்டு சொல்லோணும் எண்டுதான் நான் இங்க வந்தனான். நீங்கள் சொல்லச் சொல்லத்தான் எனக்கு மூச்சு வந்தது. இப்ப போய்...

— பிறிஜெற், எனக்கு உன் தமிழ் விளங்கல. என்ன நடந்தது?

— புள்ள பயந்து போய் ஈக்கிறா, யோனா. சும்மா ஈ. டீச்சர், நீங்க ஒண்டும் யோசிக்க வேணாம். ஒஸ்டின் முடிஞ்ச மாதிரித்தான். டொக்டர்ட்டக் குடுக்க முந்தி நானே கொட்டாஞ்சேனைக்கு விட்டு, ஃபாதரக் கண்டு, இந்தப் பொடியன் கல்தேயன்தான், நான் சாட்சி எண்டு செல்லிட்டு வாறன்.

— போகாதீங்கோ, நானா.

— ஏன் போகாம?

— காலமை முதல் பூசை முடிய நானே போய் ஃபாதரிட்டச் சொல்லிப்போட்டன், இவர் அசீரியன், சாகும்வரைக்கும் வேற பேர் சொல்லமாட்டார், கேக்கவும் வேண்டாம் எண்டு. பத்து மணிக்கு மதர் கூப்பிட்டு இனிப் படிப்பிக்க வர வேண்டாம் எண்டா, வகுப்புச் சாவியையும் குடுத்திட்டுத்தான் பஸ் ஏறினனான். இனி இந்த மனிசன் கல்தேயனாகட்டும், பாப்பம்!