பென்சில் அக்காவிடம் கேட்காத அனுமதி

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, நடிப்புக் கலைஞர்களே, விளக்குப் போடுகிறவர்களே, திரை இழுக்கிறவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மறைந்த அம்மையாரின் மகளான கணித ஆசிரியை அவர்களே! பின்வரிசையில் இருப்பவர்களுக்கு என் தனி வணக்கம். நாம் யாருக்காகக் கூடியிருக்கிறோமோ, அவர் எந்த அரங்குக்குப் போனாலும் அங்கேதான் உட்கார்ந்தார்.

நாடக ஆசிரியர் சங்கத்தின் செயலாளராக முப்பத்தோரு ஆண்டுகள் பணியாற்றிய நம் பென்சில் அக்கா போய்விட்டார். என்னைவிட நான்கு வயது இளையவர். ஆனாலும் நானும் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவர் ஒருமுறை பார்த்தால் எழுபது வயதுக்காரனும் தம்பியாகிவிடுவான்! இப்போதுகூட, கடைசி வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவர் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. காலையிலிருந்து தூக்கத்தில் நடப்பவனைப் போலத்தான் நடமாடுகிறேன். பேச்சில் தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று ஒரு நாடகத்தை மேடையேற்ற வேண்டுமானால் எழுதியவரைக் கேட்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும். என்றைக்கும் இப்படியா இருந்தது? இல்லை! நாங்கள் எழுதத் தொடங்கிய காலத்தில் சட்டம் புத்தகத்தை மட்டும்தான் காத்தது. என் நாடகத்தை ஒருவர் கேட்காமல் அச்சடித்தால் திருட்டு. அதையே மேடையில் பேசி நடித்தால்? திருட்டு இல்லை! பேசிய சொல் காற்றோடு போயிற்று, காற்றில் போனதற்கு யாரப்பா சொந்தக்காரன் என்று கேட்டார்கள்.

ஆகவே நாடகக் கம்பெனி முதலாளிகள் தாங்களே ஒரு வழி செய்துகொண்டார்கள். முழுப் பிரதி முதலாளியின் இரும்புப் பெட்டியில் இருக்கும். நடிகருக்கு அவரவர் வசனம் மட்டும் கிடைக்கும். அதற்கு முன்னால் மற்றவர் பேசி முடிக்கும் கடைசி மூன்று சொல் இருக்கும், அவ்வளவுதான். கதாநாயகனுக்கே கதை முழுதாகத் தெரியாது! ஒத்திகையில் ஒருவர் என்னைத் தனியாக அழைத்துக் கேட்டார்: "சார், நான் கடைசில சாகிறேனா இல்லையா? வீட்ல கேட்டுக்கிட்டே இருக்காங்க."

பூட்டிய பெட்டியைத் திறக்க முடியாது. காதால் திருடலாம் அல்லவா? எதிர்க் கம்பெனி ஒரு சுருக்கெழுத்துப் பெண்ணைப் பார்வையாளராக அனுப்பியது. இருபத்திரண்டு வயது. நான்கு மதியக் காட்சிகளுக்கு வந்தார். முதல் நாள் பெண்கள் பேசுவதை மட்டும் எழுதினார். இரண்டாம் நாள் ஆண்கள் பேசுவதை. மூன்றாம் நாள், யார் எந்தப் பக்கமாக வருகிறார், எந்தப் பக்கமாகப் போகிறார் என்பதை. நான்காம் நாள் திருத்தம். இருட்டில் தாளைப் பார்க்காமலே எழுதுவார். இடது கையால் ஓர் அளவுகோலை வரிக்கு வரி கீழே தள்ளிக்கொண்டே வருவார். வெளியே மழை, உள்ளே மின்விசிறிகளின் இரைச்சல். அதற்கிடையே ஒரு பென்சில் ஓடுவது யார் காதில் விழும்?

அந்தப் பெண் யார்? ஆம், நம் பென்சில் அக்காதான்! சலசலப்பு வேண்டாம், உட்காருங்கள். அவர் எடுத்துக்கொண்டு போனது என்னுடைய நாடகத்தை.

இரண்டு மாதம் கழித்து வேறோர் ஊரில், வேறொரு தலைப்பில் அதை நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டு நானும் போய் உட்கார்ந்தேன். திரை விலகியது. என் வீடு! என் ஜன்னல், என் அம்மா சலித்துக்கொள்ளும் விதம், எல்லாம் முன்பின் தெரியாத முகங்களில். கனவில் நம் வீட்டுக்குள் வேறு யாரோ குடியிருப்பார்களே, அப்படி இருந்தது. நடுவில் கதாநாயகன் வந்து நின்றான். அவனைச் சுற்றி நான்கு நாற்காலிகள். "இந்த வீட்டில் உட்காரக்கூட இடமில்லையா?" என்றான். ஆகா, எவ்வளவு ஆழம் என்று சனங்கள் கைதட்டினார்கள்! நான் அந்த வரியை எழுதவே இல்லை. எங்கள் அரங்கில் ஒருநாள் நாற்காலி போட மறந்துவிட்டார்கள். நடிகர் சமாளிப்பதற்காகச் சொன்னது அது. அன்றைக்குத்தான் நம் அக்காவின் நான்காம் நாள். முதல் மூன்று நாளும் இதைத் தவறவிட்டுவிட்டோம் என்று நினைத்துச் சேர்த்துக்கொண்டார்.

அதுகூடப் போகட்டும். வேலைக்கென்று வெளியூர் போய்த் திரும்பி வராத என் தங்கையைப் பற்றிய நாடகம் அது. என் நாடகத்தில் அவள் வரமாட்டாள். அண்ணன் காத்திருப்பான், திரை விழும். அந்த மேடையில் அவள் வந்துவிட்டாள்! பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணா, வந்துட்டேன்" என்றாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நிஜமாகவே வந்துவிட்டாள் என்று எழுந்துவிட்டேன். வெளியே வந்து வெயில் பட்ட பிறகுதான் கோபம் வந்தது. என் துக்கத்தின் முடிவை மாற்ற இவர்கள் யார்?

வழக்குப் போட்டேன். அண்ணன் தங்கை கதை உலகத்தில் இவர் ஒருவருக்குத்தான் தோன்றுமா என்று எதிர்த்தரப்பு சிரித்தது. நாற்காலி வரியைச் சொன்னேன், யாரும் நம்பவில்லை. அப்போது யாரும் அழைக்காமல் அந்தப் பெண் நீதிமன்றத்துக்கு வந்தார்.

"நான்தாங்க எழுதினேன். நாலாவது நாள் மதியக் காட்சி. அந்த வரி நாடகத்துல இருக்குன்னு நெனச்சேன். நல்லாவும் இருந்துச்சு."

நீதிபதியே சிரித்துவிட்டார். அன்று மாலைக்குள் அக்காவின் வேலை போயிற்று. அப்படியும் வழக்கில் தோற்றோம்! களவு நடந்தது மெய், ஆனால் மேடையில் பேசுவதைத் தடுக்கச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை என்று தீர்ப்பு வந்தது. எட்டு ஆண்டு கழித்துச் சட்டத்தைத் திருத்த ஒரு குழு அமைத்தபோது, அக்கா அந்தப் பழைய சுருக்கெழுத்து நோட்டை அவர்கள் முன் விரித்துவைத்தார். "இது பிரதி இல்லன்னா வேற என்னங்க?" என்று கேட்டார். எழுதியவரின் அனுமதி இல்லாமல் மேடையேற்றக் கூடாது என்ற விதி அந்தக் கேள்வியிலிருந்துதான் பிறந்தது. தாம் செய்த களவையே சாட்சியாக வைத்து நமக்கு உரிமை வாங்கித்தந்தவர் வேறு யார் இருக்கிறார்?

செயலாளராக இருந்த காலத்தில், சின்னப் பள்ளிக்கூடம் கேட்டாலும் பெரிய அரங்கம் கேட்டாலும் அன்றைக்கே தம் கையால் பதில் எழுதுவார். புகழ்பெற்ற இயக்குநர் ஒருவர் தொலைபேசியில், "நான் யாருன்னு தெரியுமா?" என்று அதட்டினார். "தெரியுங்க. அதையும் சேர்த்து எழுத்துல கொடுங்க" என்றார் அக்கா!

இவ்வளவுதான் பேசுவது என்று எண்ணித்தான் நேற்று குறிப்பு எடுத்தேன். ஆனால் மனசு கேட்கவில்லை. அந்த வழக்கையே நான் ஒரு நாடகமாக எழுதினேன் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்குப் பேர் வாங்கித்தந்த நாடகம். அதன் கடைசிக் காட்சியில் சுருக்கெழுத்துப் பெண் எழுத்தாளனின் காலில் விழுந்து கதறுவாள். அரங்கமே அழும். நூற்றுப் பன்னிரண்டு முறை நடந்தது. அதற்காக நான் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டேனா? கேட்கவில்லை! உரிமை, உரிமை என்று ஊர் ஊராகக் கத்திய நானே கேட்கவில்லை! ஒரு மதியக் காட்சிக்கு அவர் வந்தார், பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தார், மறுநாள் வழக்கம்போலச் சங்கத்தில் கோப்புகளை அடுக்கினார்.

போன மாதம் மருத்துவமனையில் அவர் கட்டிலருகே இருந்தபோது ஒருவழியாக வாய் திறந்தேன். "அக்கா, அந்த நாடகத்துக்கு உங்ககிட்ட நான் கேக்கவே இல்லையே."

"நானும் உங்களைக் கேக்காமதான் எழுதினேன். ஆனா செஞ்சதை நான் ஒத்துக்கிட்டேன்." தலையணையில் சாய்ந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். "கோர்ட்டுல நான் அழலைங்க. அழுதேன்னு எல்லாரும் நெனச்சுக்கிட்டிருக்காங்க. என் பொண்ணும்கூட."

"இப்ப நான் என்ன செய்யட்டும்?"

"அவகிட்ட எழுத்துல கேளுங்க. எனக்கு இனிமே நேரமில்ல."

அவையோரே, இனி எவருடைய வாழ்க்கையை எடுத்து எழுதினாலும் அவரிடம் கேட்டுவிட்டே எழுதுவோம் என்று இந்தச் சங்கம் இன்று உறுதி ஏற்கட்டும். மற்றவரிடம் நாம் கேட்ட நியாயத்தை முதலில் நாம் கொடுப்போம். அதற்கு முதல் ஆளாக, எழுதிக்கொண்டுவந்த கடிதத்தைப் படிக்கிறேன்.

"கணித ஆசிரியை அவர்களுக்கு. உங்கள் தாயாரின் வாழ்க்கையை அவர் அனுமதியின்றி எடுத்தேன். முடிவையும் மாற்றினேன். அவர் என் காலில் விழவில்லை. நிமிர்ந்து நின்று உண்மையைச் சொல்லிவிட்டு, மழையில் தனியாக நடந்து போனார். இனி உங்கள் கையெழுத்து இல்லாமல் அந்த நாடகம் எந்த மேடையிலும் ஏறாது. கூடாது என்று நீங்கள் எழுதினாலும் எனக்கு அது சரியே."

இறங்கி வந்து இதை உங்கள் கையில் தருகிறேன், மகளே. பதிலை யோசித்து எழுதுங்கள், அவசரமில்லை. உங்கள் அம்மா அழவில்லை என்பதை மட்டும் இன்றைக்கே வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போங்கள்.