ஆறாவது வார ஸ்கேன்

பாப்பிரெட்டிப்பட்டியில் என் கடையில் ஜெராக்ஸ் எடுத்தால் கறுப்புக் கோடு விழாது. வாரம் ஒருமுறை மெஷின் கண்ணாடியை நானே துடைப்பேன். டைப்பிங்கிலும் ஒற்றெழுத்து பிசகாது. முதலிலேயே இதைச் சொல்லக் காரணம், நீங்கள் என்னைக் கவனமில்லாத ஆள் என்று நினைத்துவிடக் கூடாது, சார்.

என் மனைவி தேவிப்பிரியா. ஏழு வருடம் ஒன்றாக இருந்தோம். அதில் நான் ஒரே ஒருமுறைதான் கை நீட்டியிருக்கிறேன். இரண்டு முறை என்றும் வைத்துக்கொள்ளலாம். போனை வாங்கி வைத்துக்கொண்டது, பள்ளிக்கூட வேலையை விடச் சொன்னது எல்லாம் குடும்பம் என்றால் இருப்பதுதானே. அவள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. விவாகரத்து மனு தயார் செய்தாள். அதையும் என் எதிர்க்கடையில் கொடுத்து டைப் அடித்திருந்தாள். நாலு பக்கத்தில் பதினோரு பிழை. படித்தபோது எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

மார்ச் மாதம் அவள் தம்பி பூவரசன் பைக்கோடு வந்தான். "இனி இந்த வூட்டுப் படி மிதிக்க மாட்டேங்க" என்று சொல்லிவிட்டு அவள் பின்னால் ஏறிப் போனாள். தொப்பூர் இறக்கத்தில் லாரி உரசிவிட்டது. அவனுக்குக் கால் முறிந்தது. இவளுக்குத் தலையில் அடி. சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மண்டையைத் திறந்து ரத்தக்கட்டியை எடுத்தார்கள். தாய் தகப்பன் இல்லாதவள். தம்பியோ கட்டுப்போட்டுப் படுத்திருந்தான். கணவன் என்று கையெழுத்துப் போட நான்தான் இருந்தேன்.

ஒன்பதாம் நாள் கண் விழித்து என்னைப் பார்த்தாள். "சாப்ட்டீங்களா?" என்று கேட்டாள். மனு, சண்டை, பைக்கில் ஏறியது, எதுவும் அவளுக்கு நினைவில்லை. நான் அழுதேன். நர்ஸுகள் துக்கத்தில் அழுகிறேன் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் பொறுமையாக விளக்கினார். "மூளைக்குள்ள தண்ணி கட்டிக்க வாய்ப்பிருக்குங்க. ஆறு வாரம் கழிச்சு இன்னொரு ஸ்கேன் கட்டாயம் பாக்கணும். வெளிய எடுத்தாலும் பரவால்ல, கொண்டு வந்து காட்டுங்க. தண்ணி இருந்தா ஒரு குழாய் வெச்சு இறக்கிடலாம், பழையபடி ஆயிடுவாங்க. கவனிக்காம வுட்டா உசிருக்கே ஆபத்து."

பழையபடி என்று அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். பழையபடி என்றால் அந்த மனுவும் அவள் நினைவுக்குத் திரும்பி வரும்.

அடுத்த வாரங்களில் நான் பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? நான் ஊட்டினால் சாப்பிட்டாள். தையலில் படாமல் தலை வாரிவிட்டேன். உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்திருந்தாள். மாதம் திரும்புவதற்குள் நடை தளர்ந்தது. கால் தரையோடு ஒட்டிக்கொண்டதைப் போல இழுத்து இழுத்து நடந்தாள். புடவையிலேயே சிறுநீர் போய்விடும். நானே அலசிப் போட்டேன். முகம் சுளித்ததில்லை.

ஆறாவது வாரம் கடையில் உட்கார்ந்து ஒரு ஸ்கேன் ரிப்போர்ட் டைப் செய்தேன். ஆபரேஷன் முடிந்ததும் எடுத்த ரிப்போர்ட்டில் இருந்த அதே வரிகள், புதுத் தேதி, நானாக வைத்த ஒரு சென்டர் பெயர். அந்த ரிப்போர்ட்டோடு கொடுத்திருந்த பழைய பிலிமின் மூலையில் தேதி இருந்த இடத்தை அவள் பெயர் போட்ட லேபிளால் மூடினேன். அவளை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுச் சேலம் போனேன். அவளை ஏன் கூட்டி வரவில்லை என்று கேட்டதற்கு, காரில் வந்தால் வாந்தி எடுக்கிறாள் என்றேன். வாந்தி உண்மைதான். கூட்டத்துக்கு நடுவே புது டாக்டர் ஒருவர் பிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "தண்ணி எதுவும் கட்டல. இதே மாத்திரைய குடுங்க" என்றார். அவர் மேல் குற்றமே இல்லை. அவர் பார்த்த பிலிமில் தண்ணீர் இல்லை.

அவளாகவே ஒருநாள் கேட்டாள். "தலைக்குள்ள என்னமோ முட்டுதுங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாங்களா?"

"நான் போயி காட்டிட்டு வந்துட்டேன். எல்லாம் நல்லாருக்குன்னுட்டாரு."

"அப்பிடிங்களா," என்று சிரித்தாள். என்னை அவ்வளவு நம்பினாள். கல்யாணமான புதிதில்கூட அப்படி நம்பியதில்லை.

ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, தலை வெடிக்கிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். வலி மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்தேன். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் ஸ்கேன் எடுப்பார்கள். அதனால் கடையைத் திறக்கப் போனேன். மத்தியானம் வந்து பார்த்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

காரியத்துக்கு வந்த பூவரசன்தான் ஆஸ்பத்திரி பைலைப் புரட்டினான். என் கடையில் எதை டைப் செய்தாலும் அடியில் கடைப் பெயரும் செல் நம்பரும் பொடி எழுத்தில் தானாகவே விழும். எப்போதோ நானே போட்டு வைத்த ஏற்பாடு, எனக்கே மறந்துபோனது. ஸ்கேன் ரிப்போர்ட்டிலும் அது விழுந்திருந்தது.

செத்துப்போவாள் என்று தெரியுமா என்றுதானே கேட்டீர்கள்? தெரியும். டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார், நானும் கவனமாகத்தான் கேட்டுக்கொண்டேன். ஆனால் அந்த நாலு மாதமும் நாங்கள் நல்ல தம்பதியாக வாழ்ந்தோம், சார். தெருவில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். ஒருநாள்கூட அவள் சத்தம் வெளியே கேட்டதில்லை.