முதுகுப் பக்கம் யார் நிற்பது

டார்லா: தட்டைத் தொடாதே கர்ட். இப்பத்தான் வரிசையா வெச்சேன்.

கர்ட்: ரெண்டே ரெண்டு தட்டு. கோல்பியோடதை வலது கோடிக்கு மாத்திட்டு, எஸ்ராவோடதை இடது கோடிக்கு...

டார்லா: கோல்பி மூணு வருஷமா இடது கோடியில உக்காந்துதான் என் மாட்டுக்கறி சில்லியைச் சாப்பிடறான். வெள்ளிக்கெழம மைதானத்துல எப்படி நிக்கணுமோ, அப்படித்தான் வியாழக்கெழம என் மேசையில உக்காரணும்னு சட்டம் போட்டதே நீதான்.

கர்ட்: அதனாலதான் சொல்றேன். நாளைக்கு அப்படித்தான் நிக்கப் போறாங்க.

டார்லா: ...யாரு? கோல்பி வலது பக்கமா?

கர்ட்: ஆமா. அந்தப் பட்டை போட்ட இனிப்பு ரோல் சூடா இருக்கா?

டார்லா: கையை எடு. அது பசங்களுக்கு. பேச்சை மாத்தாதே. பெரிய கோச்சுக்குத் தெரியுமா இது?

கர்ட்: முன்வரிசை என் பொறுப்பு டார்லா. அஞ்சு பேரை நான் எப்படி நிறுத்தினாலும் அவர் ஏன்னு கேக்க மாட்டார்.

டார்லா: அவர் கேக்க மாட்டார், நான் கேப்பேன். எதிராளியைத் தடுக்கற அந்த அஞ்சு பேருக்குப் பின்னாடி நின்னு பந்தை எறியறவன் என் பையன் டேன். சும்மாவா வாரா வாரம் அஞ்சு மலைக்கும் சோறு போடறேன்?

கர்ட்: எல்லா ஊர்லயும் எறியறவன் வீட்டுலதான் முன்வரிசைக்கு விருந்து. நீ ஒண்ணும் புதுசா பண்ணல.

டார்லா: எல்லா ஊர்லயும் அந்த வரிசையை ஒழுங்கா கட்டுவாங்க.

கர்ட்: சரி, கேளு. முதல்ல நடு ஆளு, ஹார்லன். குட்டை, ஆனா வாய் ஓயாது. எதிராளி எங்கேர்ந்து வரப் போறான்னு பாத்து மத்த நாலு பேருக்கும் சொல்றது அவன்தான். அவனுக்கு ரெண்டு பக்கமும் ஓர்ட்டிஸ் ரெட்டையர். பொறந்ததுலேர்ந்து ஒட்டிக்கிட்டே நிக்கிறவனுங்க.

டார்லா: தெரியும். ஒருத்தன் கேக்கறதுக்கு முன்னாடியே இன்னொருத்தன் வெண்ணெயை நகத்துவான்.

கர்ட்: அதேதான். ஜனங்க எடையைப் பாக்கறாங்க. எடைக்கென்ன, நம்ம நெப்ராஸ்காவுல பாதிப் பேரு சோளமும் மாட்டுக்கறியும் தின்னு வளந்தவங்க. பக்கத்துல நிக்கிறவன் எந்தக் காலை எப்ப எடுத்து வெப்பான்னு பாக்காமலே தெரியணும். அந்த மூணு பேரு அமைஞ்சாத்தான் கோடிக்கே போகணும்.

டார்லா: கோடிக்கு வா. ரெண்டு கோடியில எதுல நல்லவனை நிறுத்துவே?

கர்ட்: அது... ஆட்டத்தைப் பொறுத்தது.

டார்லா: கோச் சார், ஆறாங்கிளாஸ் பசங்களுக்கு நீ முதல் நாள் சொல்லிக் குடுக்கறது இது.

கர்ட்: ...எறியறவனோட முதுகுப் பக்கம்.

டார்லா: ஏன்?

கர்ட்: எறியறதுக்கு உடம்பைத் திருப்பினா அந்தப் பக்கம் கண்ணு போகாது. அங்கேர்ந்து ஓடி வர்றவன் இடிக்கிற வரைக்கும் தெரியாது.

டார்லா: டேன் வலது கைக்காரன். அவன் முதுகு இருக்கறது இடது பக்கம். அங்க கொண்டு போய் எஸ்ராவை நிறுத்தறியா? ஸ்பூனைக் கீழ போட்டா குனிஞ்சு எடுக்க அரை நிமிஷம் ஆகுது அவனுக்கு.

கர்ட்: இந்த மாசம் கொஞ்சம் தேவலை...

டார்லா: எதிர்ல யாரு? கோல்டர் பள்ளிக்கூடத்தோட தொண்ணூத்தொண்ணாம் நம்பர் சட்டைக்காரன். போன வாரம் ஒரு பையனோட தோள்பட்டையைக் கழட்டிட்டான்னு கடைக்காரர் சொல்றார்.

கர்ட்: நாங்க நாளைக்கு பந்தை எறியாம, வலது பக்கமா எடுத்துட்டு ஓடறதுதான் அதிகம். அதான் கோல்பி அங்க.

டார்லா: ஓடறதுக்கா காலேஜ் டீமுக்கு ஆளெடுக்கறவர் வராரு? டேன் எறியறதைப் பாக்க வராரு.

கர்ட்: கோல்பிக்கு இடது முட்டி வலி.

டார்லா: மத்தியானம் அவன் எங்க வாசல்ல பனி தள்ளிட்டுப் போனான். முட்டி வலிக்கிறவன் அப்படியா குதிச்சிட்டுப் போவான்... நாம ஸ்கூல்ல படிச்சப்பவே நீ பொய் சொல்லத் தெரியாத பையன் கர்ட். காது சிவக்குது பாரு.

கர்ட்: அடுப்புச் சூடு.

டார்லா: இடது பக்கம் கோல்பி நிக்கணும். இன்னொரு அடி டேன் தாங்க மா... அவன் அடி வாங்கக் கூடாது.

கர்ட்: இன்னொரு அடின்னா?

டார்லா: பொதுவாச் சொன்னேன்.

கர்ட்: போன வெள்ளிக்கெழம தலை தரையில மோத விழுந்தானே, அதைச் சொல்றியா?

டார்லா: அது ஒண்ணுமில்ல. எந்திரிச்சு மிச்ச ஆட்டத்தையும் ஆடினான்ல. ஸ்கூல் ஃபாரத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேனே. தலைவலி இல்ல, மயக்கம் இல்ல, மறதி இல்ல.

கர்ட்: படிச்சேன்.

டார்லா: அப்புறம் என்ன?

கர்ட்: ஒண்ணுமில்ல. தட்டை மாத்தறேன்.

டார்லா: இரு... கோல்பியை நீ வீணடிக்க மாட்டே. அவனை வலது பக்கம் நிறுத்தினா, முதுகு வலது பக்கம் இருக்கற ஒருத்தனுக்காகத்தான் நிறுத்துவே.

கர்ட்: டார்லா...

டார்லா: டேனுக்கு மாத்து ஆளுன்னு வெச்சிருக்கியே மைக்கா, பதினோராங்கிளாஸ் பையன். அவன் எந்தக் கையில எறியறான்?

கர்ட்: இடது கையில. உக்காரு.

டார்லா: நிக்கறேன். சொல்லு.

கர்ட்: திங்கக்கெழம பயிற்சியில டேன் அடுத்து ஆடப் போற உத்தியோட பேரைச் சொல்ல வந்தான். பாதியில நின்னுட்டான். ஹார்லன் திரும்பி மெதுவா எடுத்துக் குடுத்தான். செவ்வாக்கெழம மூணு தடவை. நேத்து எல்லா உத்தியையும் ஹார்லன்தான் சொன்னான். ரெட்டையர் ரெண்டு பேரும் சத்தமா இருமினாங்க, பெரிய கோச் காதுல விழக்கூடாதுன்னு.

டார்லா: பசங்களுக்குத் தெரியுமா?

கர்ட்: அஞ்சு பேருக்கும் தெரியும். அவனுக்கு ஒண்ணும் ஆகாம பாத்துக்கறதுதான் உங்க வேலைன்னு மூணு வருஷமா நான்தானே சொல்லி வளத்தேன். அதைத்தான் செய்யறாங்க. தப்பான இடத்துல செய்யறாங்க.

டார்லா: நீயும் திங்கக்கெழமையே பாத்துட்டே. பெரிய கோச்சுகிட்ட சொல்லலையே.

கர்ட்: சொல்லல. நாளைக்குச் சரியாயிடும்னு நெனச்சேன். அடுத்த நாளும் அதையே நெனச்சேன். அப்புறம் நேத்து ராத்திரி உக்காந்து வரிசையை எழுதினேன். கை தானா கோல்பி பேரை வலது பக்கம் எழுதிச்சு.

டார்லா: நாளைக்கு அந்த ஆளு நானூறு மைல் வண்டி ஓட்டிட்டு வராரு கர்ட். டேன் ரெண்டு வருஷமா இந்த ஒரு நாளுக்காக...

கர்ட்: தெரியும்.

டார்லா: ஒரே ஒரு ஆட்டம். கோல்பியை இடது பக்கம் வெச்சா யாரும் கிட்ட வர முடியாதுன்னு நீயே சொல்லுவியே.

கர்ட்: சொல்லுவேன். அஞ்சு பேரையும் எப்படி மாத்தி மாத்தி நிறுத்தினாலும் ஒருத்தன் எப்பவாவது நுழைஞ்சிடுவான். அதையும் சொல்லுவேன். வண்டிச் சத்தம் கேக்குது. பெரிய கோச்சோட டிரக். பசங்க பின்னாடி வராங்க. கதவைத் திறந்த உடனே டேன் எப்படி இருக்கான்னு உன்னைத்தான் கேப்பார். நான் பாத்ததை நான் சொல்லிடறேன். மைதானத்துல பாத்தது அது. வீட்டுல பாத்ததுன்னு ஒண்ணு இருந்தா, அதை நீதான் சொல்லணும். என்ன சொல்லப் போறே?

டார்லா: விழுந்த மறுநாள், சனிக்கெழம காலையில ஒம்போது மணிக்கு ரெண்டு முட்டை, ரொட்டி, பால், எல்லாம் சாப்பிட்டு மாடிக்குப் போனான். ஒம்போதரைக்கு இறங்கி வந்து, ‘அம்மா, காலையில ஒண்ணும் பண்ணலையா?’ன்னு கேட்டான். அவன் சாப்பிட்ட தட்டு அவன் முன்னாடியே மேசையில இருந்துது. நான் அதை எடுத்துக் கழுவிட்டு, மறுபடியும் ரெண்டு முட்டை உடைச்சு ஊத்தினேன்.