ஒரு சாண் மிச்சம்

அக்கா: ...தொட்டியில மொண்ட ஜாடியை ஆட்டாதடா! அரை மணி நேரம் அசையாம இருந்தாத்தான் கணக்கு.

தம்பி: நான் எங்க ஆட்டினேன்? மேசைதான் ஆடுது. ஒரு கால் கட்டை.

அக்கா: அப்ப மேசையில சாயாத. எட்டி நில்லு.

தம்பி: சேறு இறங்குதாக்கா?

அக்கா: நீயே பாரு. நேத்து வரைக்கும் சாம்பல் கரைச்ச மாதிரி கலங்கியே நின்னுச்சு. இன்னிக்கு கீழ பழுப்பா படியுது, மேல தெளியுது.

தம்பி: அப்ப தொட்டி பொழச்சிருச்சா?

அக்கா: பறக்காத. மைக்ராஸ்கோப்ல ஒரு சொட்டு வச்சிருக்கேன், பாரு. ஒரு கண்ணை மூடிக்கோ... அந்தக் கண்ணை இல்லடா!

தம்பி: ஒண்ணும் தெரி... ஏய்! என்னமோ ஓடுதே!

அக்கா: அதான் என் ஆளுங்க, நுண்ணுயிருங்க. ஊர்ச் சாக்கடையைத் தின்னு தண்ணியைத் தெளிய வைக்கிறவங்க. நாலு நாள் முன்னாடி பார்த்தப்ப ஒண்ணுகூட அசையல. எழவு வீடு மாதிரி கிடந்துச்சு.

தம்பி: அப்பாடா... வயித்துல பாலை வார்த்தக்கா.

அக்கா: உனக்கேன்டா இவ்வளவு படபடப்பு? இந்தச் சுத்திகரிப்பு நிலையமும் தொட்டியும் என் பொறுப்பு.

தம்பி: என்னக்கா இப்படிக் கேக்கற? ஆத்தோட கீழ இறங்கினா என் வீடு. என் பொண்ணு பள்ளிக்கூடம் விட்டா நேரா ஆத்துலதான் குதிக்கிறா.

அக்கா: அவளை நெனச்சுத்தான் தொட்டி செத்த அன்னிக்கே ஆத்துக்குப் போற கதவை அடைச்சேன். நாலு நாளா மொத்தச் சாக்கடையும் மழைத்தண்ணிக் குட்டையிலதான் நிக்குது. ஒரு சொட்டு ஆத்துக்கு விடல.

தம்பி: குட்டையில இன்னும் எவ்வளவு இடம் இருக்கு?

அக்கா: ஒரு சாண்.

தம்பி: ஒரு சாண்தானா! தலைக்கு மேல வெள்ளம் போனா...

அக்கா: போகலையே! அந்த ஒரு சாண்லதான் ஆறு தப்பிச்சுது. நேத்து மழை பெஞ்சிருந்தா தெரிஞ்சிருக்கும் சேதி.

தம்பி: நான் என் டேங்கர்ல கொண்டு வந்து கொட்டின சேறும் உதவிச்சுல்ல?

அக்கா: உதவாம? பக்கத்து ஊர் நிலையத்துல இருந்து பதினோரு லோடு. பாலுக்கு உறை குத்தின மாதிரி, அதுலதான் இது மறுபடி உசுர் பிடிச்சுது. குளியலறைக் குழாயை மாத்திக் குடுடான்னு ரெண்டு வருஷமா கெஞ்சுறேன், அதுக்கு வராதவன்... இரு, போன். சொல்லுங்க சார்... ஆமா, காலையில எடுத்த தண்ணிதான்... அப்படியா?... சரி சார், எழுத்துல அனுப்பிருங்க.

தம்பி: என்னவாம்? சொல்லேன்!

அக்கா: ஆய்வகத்துல தேறிருச்சு. தொட்டித் தண்ணியை ஆத்துக்கு விடலாமாம். குட்டையில நிக்கறதைக் கொஞ்சம் கொஞ்சமா தொட்டிக்குத் திருப்பிக்கலாம். வா வெளிய, கதவைத் திறப்போம்.

தம்பி: நான் சுத்தட்டுமா சக்கரத்தை?

அக்கா: சுத்து. மெதுவா... இடப் பக்கம்டா! ம்... போதும். போகுது பாரு.

தம்பி: அக்கா...

அக்கா: ம்?

தம்பி: தொட்டியைக் கொன்னது என்னன்னு தெரிஞ்சுதா?

அக்கா: கிருமிநாசினி. தரை துடைக்கிற சரக்கு. எவனோ சாக்கடை மூடியைத் திறந்து மொத்தமா ஊத்தியிருக்கான்.

தம்பி: எவனோ இல்லக்கா... நான்தான். ஒரு கிடங்குல காலாவதியான சரக்குன்னு டேங்கர்ல ஏத்திவிட்டாங்க. அதை அழிக்கிற இடம் ரொம்ப தூரம்... சோம்பல்பட்டுட்டேன். உன் தொட்டிதான் எதையும் சுத்தம் பண்ணிடுமேன்னு நெனச்சேன். கிருமியைக் கொல்ற மருந்து உன் ஆளுங்களையும் கொல்லும்னு புத்திக்கு எட்டல... திட்டிடுக்கா.

அக்கா: தண்ணி எவ்வளவு தெளிவா இருக்கு, பார்த்தியா?

தம்பி: நான் சொன்னது காதுல விழுந்துச்சா இல்லையா?

அக்கா: முதல் நாளே தெரியும்டா. உன் டேங்கரை அங்க பார்த்தவங்க நேரா என்கிட்ட வந்து சொல்லிட்டாங்க. அறிக்கையில எல்லாத்தையும் எழுதிட்டேன், ‘ஊத்தினது யார்’ங்கற இடம் மட்டும் காலி. சாயங்காலம் வரைக்கும் பார்த்துட்டு நானே எழுதறதா இருந்தேன். நல்லவேளை, நீயே வாயைத் திறந்துட்ட... இந்தா பேனா. கோழி கிண்டின மாதிரி கிறுக்காம, படிக்கிற மாதிரி எழுது.